மரத்தடியில் நின்றவள்

கேட்பவர்களுக்கும் அலுப்பு, சொல்பவனுக்கும் அலுப்பு. இருந்தாலும் இந்தக் கதை கடைசியில் கேட்கும் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பேய்க் கதைதான். பயப்பட ஒன்றுமில்லை, இந்தப் பேய்க்கும் அலுப்புதான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இழவுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்ப மாட்டார்கள். வழியில் எங்காவது இறங்கி எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். செத்தவரின் ஆவி பின்னாலேயே வந்தால் அந்த இடத்தில் வழி தவறி நின்றுவிடும் என்பது நம்பிக்கை.

லுமினா என்ற தையல்காரப் பெண் காய்ச்சலில் இறந்தாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அவள் அண்ணன் நார்சிசோ வழக்கப்படி வண்டியை நிறுத்தினான். இருபுறமும் விழுது தொங்கும் பலேட்டே மரங்கள் நிற்கிற சாலை அது. மரத்தடிக் கஞ்சிக் கடையில் தாய் ரெமெதியோஸும் ஒரு கிண்ணம் குடித்தாள். வீட்டில் நார்சிசோவின் பச்சைக் குழந்தை இருந்ததால், இறங்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று முதல் வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் அந்த மரத்தடியில் நின்று வண்டிகளை மறித்தாள். மற்ற ஓட்டுநர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிப்போனார்கள். ஜீப் ஓட்டும் டெல்ஃபின் மட்டும் நிறுத்தினான். நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்கிய களைப்பில், பயப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"வீட்டுல விட்டுடுங்க, கூயா" என்றாள். அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உன் வீடு எங்கேம்மா?"

"தெரியலையே. எல்லாரும் இங்கதான் இறங்கினாங்க."

ஏற்றிக்கொண்டு போனான். சாலை முடியும் இடத்தில் திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. மறுநாளும் அதே மரம், அதே பேச்சு. ஒரு மாதம் இப்படியே போனது.

கஞ்சிக் கடையில் விசாரித்து டெல்ஃபின் லுமினாவின் வீட்டுக்குப் போனான். ரெமெதியோஸ் படுத்த படுக்கையாக இருந்தாள். "நான் போறதுக்குள்ள அவளைக் கூட்டிட்டு வாப்பா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நார்சிசோ மறித்தான். "செத்தவங்க வீடு தேடி வந்தா துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவாங்க, கூயா. குழந்தை இருக்கு. வேண்டாம்."

டெல்ஃபின் இருவருக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். அலுத்துப்போன மனிதன் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டத்தான் செய்வான்.

மறுநாள் சாயங்காலம் அந்தத் தாயையே ஜீப்பில் ஏற்றி மரத்தடிக்குக் கொண்டுபோனான். வெள்ளை உடுப்புக்காரி ஏறி, தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போலாமா, அம்மா?"

தாய்க்கு வழி தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் டெல்ஃபின் வண்டியைக் கிளப்பிவிடுவான். அவள் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "குழந்தை தூங்குதும்மா. நாம இங்கேயே இருப்போம்."

இருட்டுவதற்குள் தாயின் உயிர் அங்கேயே பிரிந்தது.

இப்போது தாயை அடக்கம் செய்துவிட்டு நார்சிசோ திரும்பி வருகிறான். நேரே வீட்டுக்குப் போனால் தாய் பின்னாலேயே வந்துவிடுவாள், வீட்டில் குழந்தை இருக்கிறது. வேறு எங்காவது நிறுத்தினால் தாய் ஓரிடம், மகள் ஓரிடம். அதே மரத்தடியில் நிறுத்தினால், தங்கையை விட்டது போதாதென்று பெற்றவளையும் தெருவில் விட்டான் என்று ஊர் பேசும். சொல்லுங்கள், அவன் வண்டியை எங்கே நிறுத்துவது சரி?

விடை: அதே மரத்தடியில்தான். வீட்டுக்கு வழி தெரிந்தும் போகாமல், தான் இருக்க வேண்டிய இடத்தைத் தாயே சொல்லிவிட்டாள். நார்சிசோவும் அங்கேதான் நிறுத்தினான். மூன்று கிண்ணம் கஞ்சி வாங்கி, இரண்டை வேரடியில் வைத்துவிட்டு, மூன்றாவதை அழுதுகொண்டே குடித்தான். மறுநாள் டெல்ஃபின் பழக்கதோஷத்தில் அந்த மரத்தடியில் வேகத்தைக் குறைத்தான். வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.