இறாலின் முதல் வீச்சு

அந்தக் காலத்தில் மீனுக்கும் நண்டுக்கும் கொக்குக்கும் ஒரே பேச்சு இருந்தது. ஒருவரை ஒருவர் தின்பதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அப்போது இறாலுக்கு முதுகு நேராக இருந்தது. வயிற்றடியில் இருக்கும் சின்னக் கால்களைத் துடுப்புப் போல அசைத்து, முன்னால் பார்த்து, முன்னால்தான் நீந்துவாள். மெதுவாக நீந்துவாள். அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

அவள் இருந்தது, ஆறு போய்க் கடலில் கலக்கும் ஒரு கழிமுகத்தில். கோடை வந்தால் மணல் வந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வற்றிக்கொண்டே போய், கடைசியில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே ஒரு மடுவில் மட்டும் நிற்கும். மடுவுக்குள் இருப்பவர்கள் மழை வரும்வரை பிழைத்துக்கொள்ளலாம். வெளியே சேற்றில் தங்கியவர்கள் பத்து நாள் தாங்கினால் பெரிது.

ஆனால் மடுவுக்குள் யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். கரையில் கொக்கு நிற்கும். மடுவில் அதற்குச் சுலபமாக இரை அகப்பட்டுவிட்டால், தன் சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கொக்கிடம் அகப்படாதவர்களுக்கு மட்டும்தான் மடு. சரி, நியாயமான காரணம்தான். கொக்கிடம் யார் அகப்பட மாட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் கோளாறு.

வேரடியிலிருந்து மணல்மேடு வரை நாற்பத்தைந்து முழம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு மேட்டில் உட்கார்ந்து, அந்தக் கொடுக்கை ஒரே சீராகத் தூக்கி இறக்குவார். ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு வீச்சு. இருபது வீச்சுக்குள் மணல்மேட்டைத் தொட்டால் மடு உண்டு. தொடாவிட்டால் இல்லை. இந்த விதியை யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேகமாக நீந்துகிற யாரோ போட்டது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அந்த வருடம் கொடுவா மீன் ஒன்பது வீச்சில் போய்த் தொட்டான். அவன் உடம்பும் பெரிது, வாயும் பெரிது. கெளுத்தி பதினாறு வீச்சு. இறால் நாற்பத்தொன்று.

"என்னம்மா, நீந்தி வந்தியா, நடந்து வந்தியா?" என்றாள் கெளுத்தி.

"வயித்துல முட்டை இருக்கு அக்கா," என்றாள் இறால். வயிற்றடியில் கொத்துக் கொத்தாக முட்டைகளை ஒட்டவைத்துச் சுமந்துகொண்டிருந்தாள்.

"போன மாசம் சும்மா நீந்திப் பார்த்தப்ப முட்டை இல்லாமலே நாப்பது தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நண்டு மட்டும் சிரிக்கவில்லை. "விதின்னா விதிதான்மா. மூணு நாள்ல மடு வாயை மூடிருவோம். அதுக்குள்ள உன் வழியைப் பார்த்துக்க," என்றார்.

இறால் சேற்றுத் திட்டின் ஓரம், தண்ணீர் ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் போய் நின்றாள். முட்டை பொரிக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். அதற்குள் அந்த இடம் காய்ந்துவிடும்.

மறுநாள் காலை கொக்கு வந்தான். கொக்கு வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. நிழல் அசைந்த மாதிரி இருந்தது, நிமிர்ந்து பார்த்தால் அலகு இறங்கிக்கொண்டிருந்தது. ஓட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. முட்டைகளை மூட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. உடம்பைச் சட்டென்று வளைத்து, வால் விசிறியை வயிற்றோடு சேர்த்து அடித்து மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

கண்ணைத் திறந்தபோது கொக்கு மூன்று முழத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, அலகிலிருந்து சேற்றை உதறிக்கொண்டிருந்தான்.

"எங்க போன?" என்றான்.

"எங்கயும் போகலயே. இங்கதான் இருக்கேன்."

"அங்க இருந்தவ இங்க எப்படி வந்த?"

அது அவளுக்கும் தெரியவில்லை. கொக்கு இரண்டு எட்டு வைத்து வந்து மறுபடி கொத்தினான். அவள் மறுபடி வளைந்தாள். தண்ணீரை வால் முன்பக்கமாகத் தள்ள, உடம்பு பின்பக்கமாகப் பாய்ந்தது. மூன்றாம் முறையும் அலகில் சேறுதான் வந்தது. கொக்கு சலித்துப்போய் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான்.

"நீ பண்றது சரியில்ல," என்றான். "நாப்பது வீச்சுக்காரின்னு கேள்விப்பட்டுத்தான் உன்கிட்ட வந்தேன்."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் இறால்.

"மடவை. ரெண்டு."

"மடவை பன்னெண்டு வீச்சுல மேட்டைத் தொடுறவ. அவளை எப்படிப் பிடிச்சீங்க?"

"அவ ஓட ஆரம்பிச்சப்புறம் துரத்த எனக்கென்ன பைத்தியமா? நிக்கிறப்பதான் கொத்துவேன். அவ வேகம் எடுக்கிறதுக்குள்ள என் தொண்டையில இருப்பா." கொக்கு கழுத்தைச் சொறிந்துகொண்டான். "பெரிய ஓட்டக்காரங்கதான் எனக்குச் சுலபம். அவங்க வேகம் எல்லாம் அந்தக் கடைசியில இருக்கு. என் வேலை எல்லாம் இந்த முதல்ல இருக்கு. உன்னால என் காலைப் பொழுதே போச்சு, போ."

அவன் பறந்து போனான். இறால் அங்கேயே வெகுநேரம் நின்றாள். பிறகு, வழக்கம்போல மெதுவாக நீந்தி, மடுவுக்குப் போனாள். போய்ச் சேரப் பாதி நாள் ஆயிற்று.

"மாமா, நீங்க அளக்கிறது தப்பு," என்றாள் நண்டைப் பார்த்து.

நண்டுக்குக் கோபம் வந்தது. "என் கொடுக்கு ஒரு வீச்சுகூடத் தவறினதில்ல."

"கொடுக்கு சரிதான். கேள்விதான் தப்பு. யார் எவ்வளவு வேகம்னு கேக்குறீங்க. நிக்கிற இடத்துலேருந்து யார் எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்குறாங்கன்னு கேட்டதே இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல."

கொடுவா வேர்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தான். "வேகம்னா வேகம்தான். அதுல என்ன ரெண்டு ரகம்? தோத்துட்டுப் போய் ஒரு ராத்திரி யோசிச்சா இப்படித்தான் ஏதாவது தோணும்."

"அப்ப ஒருதரம் நீந்திக் காட்டுங்க. அளந்து பார்த்துட்டா பேச்சே வேண்டாமே," என்றாள் இறால்.

கெளுத்திக் கூட்டத்தை வழியெல்லாம் வரிசையாக நிற்கவைத்தாள். ஆளுக்கொரு சிப்பி. ஒவ்வொரு வீச்சு முடியும்போதும் கொடுவா யார் முன்னால் இருக்கிறானோ, அவர் தன் சிப்பியைக் கீழே போட வேண்டும். இதில் என்ன சூது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கொடுவா போனான். ஒன்பது வீச்சு. வழியில் ஒன்பது சிப்பி. நண்டு இறங்கி வந்து இடைவெளிகளை முழம் போட்டார்.

முதல் சிப்பி ஒரு முழத்தில் கிடந்தது. அதற்கடுத்தது அங்கிருந்து மூன்று முழம். அடுத்தது ஐந்து முழம். அதற்குப் பிறகு ஆறு, ஆறு, ஆறு என்று கடைசிவரை ஒரே இடைவெளி.

"இங்க எல்லாம் ஆறு ஆறா போறாரு. ரொம்ப வேகம். நான் இல்லைன்னு சொல்லல," என்றாள் இறால். "ஆனா இங்க அவர் வேகம் மாறவே இல்ல. எடுத்த வேகத்துலயே போறாரு, அவ்வளவுதான். வேகம் மாறினது பூரா அந்த முதல் மூணு சிப்பியிலதான். ஒண்ணு, மூணு, அஞ்சு. இப்ப என்னைப் பாருங்க."

வேரடியில் நின்று, உடம்பை வளைத்து வாலை அடித்தாள். நண்டு கொடுக்கை இறக்கியபோது அவள் மூன்று முழம் பின்னால் இருந்தாள். அங்கேயே நின்றும் விட்டாள்.

எல்லோரும் அந்த இடைவெளியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு கெளுத்தி, "மூணு முழத்தோட நின்னுட்டியே," என்றாள்.

"ஆமா அக்கா. ஆனா அதே ஒரு வீச்சுல அவர் போனது ஒரு முழம். கொக்கு அலகு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வீச்சுகூட ஆகாது. நாப்பத்தஞ்சு முழம் ஓடிக் காட்டுற வரைக்கும் அது காத்துக்கிட்டு நிக்குமா? கொக்குகிட்ட தப்பிக்கிறவங்களுக்குத்தானே மடுன்னு சொன்னீங்க? அப்ப முதல் வீச்சையில்ல அளந்திருக்கணும்?"

நண்டு தன் கொடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தூக்கி இறக்கிய கொடுக்கு. "வேகத்துக்கு வேகம்னு பேர் இருக்கு. அது மாறுற கதிக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

"எதையாவது முடுக்கி விட்டாத்தானே வேகம் மாறும்? முடுக்கம்னு வெச்சுக்குங்களேன்," என்றாள் கெளுத்தி. பேர் வைப்பதில் அவளுக்கு எப்போதும் ஆசை.

கொடுவாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. "பேர் வெச்சுட்டா ஆச்சா? நின்னுட்ட இடத்துல கொக்கு விட்டாலும் நான் விட மாட்டேன். மடுக்குள்ள நானும்தான் இருப்பேன். இங்கேயே இப்பவே என்கிட்ட தப்பிச்சுக் காட்டு. தப்பிச்சா உள்ள வா. தப்பிக்காட்டி," என்று வாயைத் திறந்து மூடிக் காட்டினான், "அப்பவும் உள்ளதான் வருவ."

நண்டு வேண்டாம் என்றார். கெளுத்திகூட வேண்டாம் என்றாள். இறால் வயிற்றடியில் இருந்த முட்டைகளைக் கால்களால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். இன்றைக்கு மடு கிடைக்காவிட்டால் இவை சேற்றில் காயப்போகின்றன. எப்படியும் ஆபத்துதான். இந்த ஆபத்திலாவது ஒரு வழி இருந்தது.

"சரி," என்றாள்.

ஒரு முழம் தள்ளி எதிரும் புதிருமாக நின்றார்கள். இறால் அவனுக்கு முகத்தைக் காட்டி நின்றாள். பின்னால் பாய வேண்டுமென்றால் வேறு மாதிரி நிற்க முடியாது.

நண்டு கொடுக்கைத் தூக்கினார்.

கொடுவா பாய்ந்தான். முதல் வீச்சில் ஒரு முழம் வந்தான். அவள் நின்ற இடத்துக்கே வந்துவிட்டான், ஆனால் அவள் அங்கே இல்லை, மூன்று முழம் பின்னால் இருந்தாள். அவன் விடவில்லை. இரண்டாவது வீச்சில் அவனுக்கு மூன்று முழம் ஒன்றுமே இல்லை. இப்போது வேகம் எடுத்துவிட்டான். அவள் நின்ற இடத்துக்கு அந்த வாய் திறந்தபடி வந்துகொண்டே இருந்தது.

அந்த வாயின் உள்ளே இருந்த சிவப்பை இறால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, அது மீசையைத் தொடும்வரை பொறுத்திருந்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, முன்பைவிட இறுக்கி வளைத்து அடித்தாள். பின்னாலும் இல்லாமல் முன்னாலும் இல்லாமல், பக்கவாட்டில் வேருக்கடியில் போய் விழுந்தாள்.

கொடுவா அவளைப் பார்த்துவிட்டான். திரும்ப வேண்டும் என்று நினைத்தான். நினைத்தது மட்டும்தான் நடந்தது. எடுத்த வேகம் அவனை விடவில்லை. வேகம் எடுக்க நேரம் பிடிக்கிற உடம்புக்கு அதைக் குறைக்கவும் நேரம் பிடிக்கும், திசையைத் திருப்பவும் நேரம் பிடிக்கும். கூட்டுவது, குறைப்பது, திருப்புவது மூன்றும் ஒரே வேலைதான். அது அவனுக்குச் சேற்றுக்கரையில் தெரிந்தது. தலை முழுக்கச் சேற்றுக்குள் போய், வால் மட்டும் வெளியே தப்தப்பென்று அடித்துக்கொண்டிருந்தது.

கெளுத்திக் கூட்டம் ஓடிப்போய் அவனை இழுத்துப் போட்டது. அவன் வாயைக் கொப்பளித்துச் சேற்றைத் துப்பினான். பிறகு நண்டிடம், "உள்ள வரச் சொல்லுங்க," என்றான்.

இறால் வேருக்கடியிலிருந்து வரவில்லை. கடைசியாக அடித்த அடியில் முட்டைக் கொத்து ஒன்று பிய்ந்து, தண்ணீரோடு மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை வாலால் மூடியிருந்தாள். நிமிரப் பார்த்தாள். முதுகு நிமிரவில்லை.

"வலிக்குதாம்மா?" என்றார் நண்டு.

"வலிக்கல மாமா. இப்படியே இருந்தாத்தான் அடுத்த தரம் சீக்கிரம் கிளம்பலாம்."

சபை கூடியது. பழைய விதியை எடுத்துவிடச் சொன்னாள் இறால். எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு விதியை வைத்தார்கள்: முதல் வீச்சில் இரண்டு முழம் போகிறவர்களுக்கும் மடு உண்டு. தான் தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொள்ளாமலே திருத்திக்கொள்ளச் சபைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இறால் இதையும் சொல்லிக் காட்டினாள். சொல்லிக் காட்டிக்கொண்டேதான் மடுவுக்குள் போனாள். அங்கே ஒரு வாரம் கழித்து முட்டைகள் பொரித்தன. வெளியே வந்த அத்தனை குஞ்சுகளுக்கும் முதுகு வளைந்திருந்தது.

அன்று முதல்தான் இறால் முன்னே போகும்போது மெல்லப் போனாலும், ஆபத்து வந்தால் அதன் முகத்தைப் பார்த்தபடியே உடம்பைச் சுருட்டிப் பின்னால் பாய்கிறது. நீங்களும் வாய்க்காலில் கையை விட்டுப் பாருங்கள், கை போய்ச் சேரும்போது அங்கே கலங்கிய தண்ணீர் மட்டும்தான் இருக்கும்.