முருங்கை காப்பாற்றிய உயிர்

மரங்கள் பேச, மனிதர்கள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலத்தில், முருங்கை இப்படி நோஞ்சானாக இல்லை. புளிய மரத்தையே கேலி பேசும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம். கடற்கரைக் குப்பத்தில் சிவப்பாயி வீட்டு வாசலில் அப்படி ஒன்று நின்றது. வீட்டுக் கழுநீரெல்லாம் அதற்குத்தான்.

ஓர் ஐப்பசியில் புயல் அந்தக் குப்பத்தின் வழியாகவே கரையேறியது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. வேலி போயிற்று, கூரை போயிற்று, தென்னைகள் தலையில்லாமல் நின்றன. சுவர் சரிந்து, சிவப்பாயியின் புருஷன் மாசிலாமணி உத்தரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டான். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அவள் இடுப்பிலோ பால்குடி மறவாத பெண் குழந்தை. கீழே விடலாமென்றால் கடல்நீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"எங்கிட்டக் குடு தாயீ. உசுரே போனாலும் விடமாட்டேன்" என்றது முருங்கை.

அவள் முந்தானையைக் கிழித்துத் தூளி கட்டி, குழந்தையைக் கிளையில் மாட்டிவிட்டு ஓடினாள்.

காற்று முருங்கையிடம் வந்தது. "இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான் பாக்கி. வேரோட வர்றியா, இல்ல கையில இருக்கறதக் குடுக்கறியா?"

அவ்வளவு வீறாப்புப் பேசிய மரத்துக்கு உள்ளூர வெடவெடத்துவிட்டது. கிளையை மெல்லத் தாழ்த்தியது. தூளி நழுவிக் காற்றோடு போயிற்று.

கால் நசுங்கிய புருஷனை இழுத்துப் போட்டுவிட்டுச் சிவப்பாயி வந்தபோது காற்று அடங்கியிருந்தது. தெருவில் முழுசாக ஒரு மரமில்லை, முருங்கையைத் தவிர. கிளை வெறுமையாக இருந்தது.

"காத்து புடுங்கிட்டுப் போயிருச்சு தாயீ."

அவள் கிளையைத் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"ஊரையே புடுங்குன காத்து, ஒன் எலை ஒண்ணக்கூடத் தொடலையே?"

சிவப்பாயிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"உசுருதான ஒனக்குப் பெருசு? வச்சுக்க. வெட்டிப் போட்டாலும் மொளைச்சுக்க. ஆனா, எந்தக் காத்து வந்தாலும் முறிஞ்சு முறிஞ்சு கெட."

அவள் வாய் மூடுவதற்குள் முருங்கையின் வைரமெல்லாம் பஞ்சாகிவிட்டது. குழந்தை கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான், லேசான காற்றுக்கும் முருங்கை மளுக்கென்று முறிவதும், ஒடித்துப் போட்ட இடத்தில் துளிர்த்து மறுபடி முறிய நிற்பதும். தூளி கட்டக் கிளை தேடும் எந்தத் தாயும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.