பத்து உள்ளங்கை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று பின்னால் நீங்கள் குழம்பக் கூடாது.

குரு, டாக்டர் செண்பகவல்லி. தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தோல் நோய் ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர். சீடர், டாக்டர் அருள்தாஸ். இருபத்திரண்டு வருஷம் கிராமங்களில் காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவிட்டு, தோல் மருத்துவம் படிக்கும் ஆசையில் இங்கே வந்து சேர்ந்தவர். ஆறடி உயரம். கல்லூரி நாளில் வாலிபால் ஆடியவர். பிரியமாகத்தான் தோளில் தட்டுவார், வாங்கியவர் ஓரடி தள்ளிப் போய் நிற்பார்.

அந்த அம்மா இவரை "சார்" என்பார். இவர் அந்த அம்மாவை "மேடம்" என்பார். எல்லா வினையும் அந்த மரியாதையில்தான் வந்தது.

அரசாங்கச் செலவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சோரியாசிஸ் என்று ஒரு நோய். தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிரும். சிலருக்கு மூட்டையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு புது ஊசி. நூற்றிருபது பேருக்கு ஒரு வருஷம் இலவசமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. தடிப்பு உடம்பில் பத்து உள்ளங்கை அளவுக்காவது பரவியிருக்க வேண்டும். குறைந்தால் களிம்புதான்.

அளக்கும் வேலை அருள்தாஸுடையது. தடிப்பின் மேல் உள்ளங்கையை, விரல்களும் சேர, வைத்து வைத்து எண்ணுவார். நேர்மையான மனுஷர், அரைக் கை கூட்டி எழுத மாட்டார். ஏழு மாசத்தில் எண்பத்துநாலு பேர்தான் தேறினார்கள். மாசக் கடைசியோடு சேர்க்கையை மூட வேண்டும்.

அப்போதுதான் இசக்கியம்மாள் வந்தார். நாலரை அடி உயரம் இருந்தால் அதிகம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். கையில் செதிலைப் பார்த்துப் பெற்றோர்கள் சண்டைக்கு வந்ததும், "தோல் சரியானா வா" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷமாகக் களிம்பு தடவுகிறார். தோல் சரியாகவில்லை. இந்த ஊசிதான் மிச்சம்.

அருள்தாஸ் அளந்தார். ஏழரை.

மறுபடியும் அளந்தார். ஏழரையேதான். நேரே குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"உண்மை பெருசா, இரக்கம் பெருசா?"

"காலங்காத்தால பட்டிமன்றமா?"

"விளையாடாதீங்க மேடம். வெளியே ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. ஏழரைதான் வருது. பத்துன்னு எழுதினா ஆராய்ச்சி பொய்யாப் போகும். எழுதலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

"எழுதாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவங்களை உள்ளே கூப்பிடுங்க. நீங்க அளந்து நான் பார்த்ததே இல்லை. என் முன்னாடி ஒரு தடவை அளங்க."

நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அருள்தாஸ் இசக்கியம்மாளின் முன்கையில் தன் உள்ளங்கையை வைத்தார். அந்த அம்மாவின் முன்கை இருந்த இடம் தெரியவில்லை.

செண்பகவல்லி இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க கோட்டைக் கழற்றுங்க."

"எதுக்கு மேடம்?"

"கழற்றுங்களேன்."

கழற்றினார்.

"இசக்கியம்மா, நீங்க இதைப் போட்டுக்கோங்க."

இசக்கியம்மாள் பின்வாங்கினார். "வேண்டாம் தாயி. டாக்டரு கோட்டு. என் தோலு பட்டு அவுகளுக்கு வந்துட்டா?"

"இது ஒட்டுற வியாதி இல்லம்மா. வாங்க" என்று அருள்தாஸே கோட்டை விரித்துப் பிடித்தார். ஒரு கையை நுழைத்துவிட்டார். மறு கையையும் நுழைத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில்கூட யாரும் உட்காராத மனுஷி அவர். கண் நிறைந்துவிட்டது.

கோட்டு கணுக்காலைத் தொட்டது. அதன் கைகள் ஒரு சாண் கீழே தொங்கின. வாஷ்பேசின் கண்ணாடியில் இசக்கியம்மாள் தன்னைப் பார்த்தார். நிறைந்த கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தார். நர்ஸுக்கும் அடக்க முடியவில்லை.

"சார், கோட்டு அவங்களுக்குச் சரியா இருக்கா?"

"எப்படி மேடம் இருக்கும்? அது எனக்குத் தைச்சது."

"அப்ப நீங்க அளந்தது?"

அருள்தாஸ் தன் கையைப் பார்த்தார். அந்த அம்மாவின் கையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நோயாளியோட கையா மேடம்?"

"நோயாளியோட கை. அவங்கவங்க உடம்புக்கு அவங்கவங்க கைதான் அளவு."

"ஏழு மாசமா..."

"முதல் நாள் பாடம் சார் இது. புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்வேன். உங்களுக்கு மட்டும் சொல்லலை. பெரியவர், இதைப் போய்ச் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

"எனக்கும் ஒரு நாள் சந்தேகம் வந்தது மேடம். சின்னவங்ககிட்ட இதைப் போய்க் கேட்கணுமான்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டுக்குள்ளிருந்து இசக்கியம்மாள், "அப்ப நான் கிளம்பட்டுமா?" என்றார்.

"எங்கே கிளம்புறீங்க? கையைக் கொடுங்க" என்றார் செண்பகவல்லி.

ஒரு காகிதத்தில் அந்தக் கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, கத்தரித்து அருள்தாஸிடம் கொடுத்தார். முதுகுக்கு அந்த அம்மாவின் கை எட்டாதல்லவா?

அருள்தாஸ் காகிதக் கையை வைத்து வைத்து அளந்தார். எண்ணியது இசக்கியம்மாள். பள்ளிக்கூடத்தில் படி படியாக அரிசி அளந்து போட்டவர், குரல் கணீரென்று வந்தது. முதுகில் நாலு. இரண்டு முன்கையும் சேர்ந்து மூன்று. இடுப்பில் ஒன்று.

"எட்டு" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். அருள்தாஸுக்கு வேர்த்தது. காகிதம் முழங்காலுக்குப் போயிற்று.

"ஒம்பது."

அடுத்த முழங்கால்.

"பத்து."

கெண்டைக்காலில் இன்னும் பாக்கி இருந்தது.

"பதினொண்ணு. பாஸா டாக்டரே?"

"பாஸும்மா" என்றார் அருள்தாஸ்.

"ஒண்ணு கூடவே இருக்கு பாத்தீகளா?" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னார் இசக்கியம்மாள். நோய் ஒரு கை அதிகம் என்று ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டினார்கள். கோட்டைக் கழற்றாமலே, கைகளை மடித்து விட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு அருள்தாஸ் தன் நோட்டை எடுத்து வந்தார்.

"உள்ளே சேர்ந்தவங்க பாதகமில்லை மேடம். என் கைக்கே பத்து வந்தவங்க. போட்டோ இருக்கு, அவங்க அளவைத் திருத்திடலாம். ஆனா நாற்பத்துமூணு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஏழு, எட்டு, ஒம்பதுன்னு. ஆள் கிடைக்கலை, ஆள் கிடைக்கலைன்னு உங்ககிட்ட வந்து புலம்பினதும் நான்தான்."

"போன் நம்பர் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

"கூப்பிடுங்க. மாசம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நடந்ததை ஆராய்ச்சிக் கமிட்டிக்கு நான் எழுதிடறேன். என் தப்பையும் சேர்த்து."

அருள்தாஸ் போனை எடுத்தார். முதல் நம்பரைப் போடப் போனவர் நிறுத்திவிட்டார். அந்தப் பெரிய உடம்பு முழுக்க வெட்கம்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது மேடம்? அன்னைக்கு உங்களுக்கு இல்லைன்னு சொன்ன அதே வாயால, இன்னைக்கு வாங்கன்னா?"

"உள்ளதைச் சொல்லுங்க சார். 'டாக்டர் கை ரொம்பப் பெருசு, அதுல அளந்தது தப்பு. வரும்போது உங்க கையைக் கொண்டு வாங்க'ன்னு."