பச்சைப்புழு நடுக்கால்களை விட்ட கதை

அந்தக் காலத்தில் மற்றப் புழுக்களைப் போலப் பச்சைப்புழுவுக்கும் வயிறு முழுக்கக் கால்கள் இருந்தன. வாயும் கொஞ்சம் நீளம்தான். எதைக் கண்டாலும் தன் உடம்பால் அளந்து கணக்குச் சொல்லிவிடும். சொன்னது சரியா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் மட்டும் கிடையாது.

ஒரு கோடையில் அடிவாரத்துக் குட்டைகள் எல்லாம் வற்றிப்போயின. மலை உச்சிச் சுனையில்தான் தண்ணீர் இருந்தது. யானைக் கூட்டம் அங்கே கிளம்பியது. கூட்டத்தின் தலைவி வயிரி. அவளுடைய தங்கை செம்பி குட்டி ஈன்று நான்கே நாள் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லாமல் செம்பிக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் குட்டி பிழைக்காது.

மேலே போக இரண்டு வழிகள். ஒன்று வழுவழுப்பான பாறைச் சரிவு, பார்த்தால் பக்கம். மற்றது மலையைச் சுற்றிக்கொண்டு போகும் சரளைக்கல் வழி, நெடுந்தூரம்.

"எந்த வழி ரொம்பச் செங்குத்தா இருக்கும்?" என்று வயிரி கேட்டாள்.

"நான் அளந்து சொல்றேன் தாயி" என்றது இலைமேல் இருந்த பச்சைப்புழு.

"நீ மலையை அளந்து முடிக்கிறதுக்குள்ள மழையே வந்துடும்."

"மலை முழுக்க எதுக்கு? சரிவு மாறாமப் போனா ஒரு துண்டு போதும். முன்னால எத்தனை உடம்பு நீளம் போறேன், அதுக்குள்ள மேலே எத்தனை ஏறுறேன்னு பார்த்தாத் தெரிஞ்சிடும்."

பாறையில் ஊர்ந்து பார்த்தது. மூன்று முன்னால் போனால் இரண்டு மேலே. சரளை வழியிலும் ஊர்ந்தது. அங்கேயும் மூன்றுக்கு இரண்டுதான் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி. கிட்ட வழியிலேயே போங்க."

யானைகள் பாறையில் ஏறின. பாதி வழியில் குட்டியின் கால் வழுக்கியது. செம்பி துதிக்கையை நீட்டுவதற்குள் அது உருண்டு அடிவாரத்தில் போய் விழுந்தது. உயிர் இருந்தது. முன்னங்கால் வீங்கிவிட்டது. கூட்டம் முழுக்கக் கீழே இறங்கி வந்தது.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே என் புள்ளை விழுந்துச்சு" என்றாள் செம்பி.

புழு சரளை வழிக்குத் திரும்பிப் போய் மெல்ல ஊர்ந்து பார்த்தது. கல்லுக்குக் கல் ஏறி இறங்கியபோதுதான் தன் தப்பு அதற்குப் புரிந்தது. ஒவ்வொரு கல்மேல் ஏறியதையும் கணக்கில் கூட்டியிருந்தது. இறங்கியதை ஒரு தடவைகூடக் கழிக்கவில்லை.

சின்னக் கற்களைத் தொடாமல் தாண்டி அளந்து பார்த்தது. முடியவில்லை. வயிற்றுக் கால்கள் ஒவ்வொரு கல்லையும் போய்ப் பிடித்துக்கொண்டன.

புழு தலையை வளைத்துத் தன் நடுக்கால்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் போட்டது.

"ஐயோ, என்ன காரியம் பண்றே!" என்று பின்னாலேயே வந்த வயிரி பதறினாள்.

"இருக்கட்டும் தாயி. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். நடுவுல இருக்கிற கல்லோடவும் மண்ணோடவும் இனிமே எனக்கு வேலை இல்லை."

வலியோடு உடம்பை வில்லாக வளைத்துத் தாண்டித் தாண்டி அளந்தது. ஓரிடத்தில் அளந்தது, தள்ளிப் போய் இன்னோரிடத்தில் அளந்தது, அதற்கும் மேலே மூன்றாவதாக ஓரிடத்தில் அளந்தது. மூன்றிலும் ஒரே கணக்கு வந்தது.

"இங்கே ஆறு போனா ஒண்ணுதான் ஏறுது. பாறையில மூணுக்கு ரெண்டு, அப்படின்னா ஆறுக்கு நாலு. பாறை இதைப்போல நாலு மடங்கு செங்குத்து."

"ஏறுற உயரம் ஒண்ணுதானே?" என்றாள் வயிரி.

"உயரம் ஒண்ணுதான். இந்த வழி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கேக்கும். புள்ளைக் காலு தாங்கும்."

செம்பி, நம்பலாமா என்று புழுவைக் குனிந்து பார்த்தாள். அதன் நடுக்கால்கள் இருந்த இடங்களில் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் குட்டியைத் தள்ளிக்கொண்டு சரளை வழியில் நடந்தாள். மறுநாள் வெயில் ஏறுமுன் குட்டி நொண்டிக்கொண்டே சுனையை அடைந்தது. செம்பி வயிறு முட்டக் குடித்தாள், குட்டி அவள் மடியில் முட்டியது.

அன்று முதல்தான் அந்தப் பச்சைப்புழுவுக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மட்டும் கால்கள். உடம்பை வளைத்து வளைத்து அளந்துதான் நடக்கிறது. அடிக்கொரு தரம் தலையைத் தூக்கிக் காற்றில் ஆட்டி நிற்கிறதே, அது வழி தெரியாமல் அல்ல. குட்டி விழுந்ததை அது இன்னும் மறக்கவில்லை. கணக்கை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்கிறது.