ஞானப்பூ அம்மாளின் நீண்ட ஜெபம்

கேளுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களும் தள்ளி உட்காராமல் கேளுங்கள், இந்தக் கதை உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஜமீன்தார் தும்மினால் பதினெட்டு ஊரும் எழுந்து நின்ற காலம் அது. அப்போது பனங்காட்டுக்கு நடுவே கருக்குவிளை என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு ஓலைக்கூரை போட்ட ஒரு வேதக்கோயில். கோயிலுக்கு ஓர் உபதேசியார். அவர் பெயர் மாசிலாமணி.

மாசிலாமணி பசியைத் தாங்குவார், வெயிலைத் தாங்குவார், ஜமீன்தாரைக்கூடத் தாங்குவார். ஞானப்பூ அம்மாளின் ஜெபத்தை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள் என்றால், அதற்குப் பிறகு ஊரில் ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வேதமுத்து குடியை விட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு ஒளிந்து குடிக்கிறாரே ஆண்டவரே, அவருக்கு இரங்கும் என்று ஜெபித்தாள். வேதமுத்து அதன்பிறகு கோயில் பக்கமே வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, தேவநேசத்தின் மகளுக்கு வரும் வலிப்பைக் குணமாக்கும் என்று ஜெபித்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பதநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமை, உபதேசியாரிடம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன அவர் மனைவியைத் திருப்பிக் கொண்டுவாரும் என்று உருகி உருகி ஜெபித்தாள். தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றுதான் மாசிலாமணி ஊரில் சொல்லிவைத்திருந்தார்.

நிறுத்துவது எப்படி? அங்கேதான் சங்கடம். பேச்சு என்றால் குறுக்கே பேசலாம். ஜெபத்துக்குக் குறுக்கே யார் பேசுவது? சபையார் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதை நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குற்றத்தில் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாசிலாமணி நாவடக்கத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்து பார்த்தார். ஞானப்பூ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு எழுந்து, நாக்கு நீண்ட மூன்று பெண்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தாள். இன்னொரு வாரம் அவள் எழும்போதே பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவள் பதினோரு சரணமும் முடியும்வரை நின்று, அதன்பிறகு தொடங்கினாள். கடைசியில் மனம் பொறுக்காமல் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"அக்கா, ஜெபத்துல ஊர்க்கதை எதுக்கு?"

"நான் ஆண்டவர்கிட்டல்லா சொல்லுதேன். நீங்க எதுக்குக் காது குடுக்கிய?" என்றாள் ஞானப்பூ.

மாசிலாமணி வீட்டுக்குப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்த வருஷம் ஜமீன்தார் வேட்டைக்கென்று காட்டுக்குள் ஒரு மாளிகை கட்டினார். கல் சுமக்கவும் மண் சுமக்கவும் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். போனவர்களுக்குக் கூலியும் இல்லை, திரும்பி வர வழியும் இல்லை. தவசிமுத்து என்ற பனையேறி பயந்துபோய் மாமனார் ஊரில் ஒளிந்திருந்தான். அங்கேயே போய் அவனைப் பிடித்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவன் தப்பித்து வந்தான். முதுகு முழுக்கச் சவுக்குக் காயம். வீட்டில் மனைவி நிறைமாதம். இன்னொரு முறை பிடிபட்டால் உயிரோடு விடமாட்டார்கள்.

மாசிலாமணி அவனைக் கோயிலை ஒட்டிய பாய் அறையில் ஒளித்துவைத்தார். சனிக்கிழமை உப்பு வண்டியில் எல்லை தாண்டி அனுப்ப ஏற்பாடும் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் கோயில் பெருக்க வந்தது யார்? வேறு யார் வருவார்கள், ஞானப்பூதான். பாய் எடுக்கப் போனவள் அவனைப் பார்த்துவிட்டாள்.

மாசிலாமணி அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். இது ஓர் உயிர் சமாச்சாரம், மூச்சு விடக்கூடாது என்று கெஞ்சினார். அவள் கண்கலங்கிப்போனாள்.

"என்னைத் தெரியாதா ஒங்களுக்கு? ஒரு காக்கா குஞ்சுகிட்டக்கூடச் சொல்லமாட்டேன். ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுதேன்."

அன்று பகல் முழுக்க மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் கூடியது. முதல் பாட்டு முடியும் முன்னே ஜமீனின் காரியக்காரர் நான்கு ஆட்களோடு உள்ளே வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மரியாதையாகப் பாயில் உட்கார்ந்தார். முன்பு ஒரு தடவை அரண்மனை ஆட்கள் வீண் சந்தேகத்தில் ஒரு கோயிலைக் குடைந்து, ஜமீன்தார் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியதாயிற்று. அதிலிருந்து, சரியான துப்பு இல்லாமல் எந்தக் கோயிலிலும் கைவைக்கக்கூடாது என்று உத்தரவு. துப்புக்குத்தான் வந்திருந்தார்.

உபதேசியாரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக ஞானப்பூவைப் பார்த்து வணங்கினார்.

"நான் யாரையும் விசாரிக்க வரலம்மா. உங்க ஜெபத்தைக் கேக்கத்தான் வந்தேன். எங்க ஆள் ஒருத்தன் வாராவாரம் அந்தச் சன்னலுக்கு வெளிய நின்னு கேப்பான். தவசிமுத்து மாமனார் ஊர்ல இருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? 'மாமனார் வீட்டுல அவனைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே'ன்னு நீங்கதானம்மா ஜெபிச்சீங்க. அரண்மனையில உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல. எழுந்திருங்க, இன்னைக்கும் ஜெபிங்க."

ஞானப்பூவின் முகம் சாம்பலாய் வெளுத்தது. அந்த முதுகை அவள் காலையில்தான் பார்த்திருந்தாள்.

அவள் எழுந்தாள். சபையார் கண்ணை மூடினார்கள். மாசிலாமணி மட்டும் மூடவில்லை. மூடவும் அவருக்குத் தைரியம் இல்லை. பாய் அறையில் ஓர் ஓலை சரசரத்தது, அடங்கியது. ஞானப்பூவின் உதடு அசைந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை. நாற்பது வருஷமாய் ஓடிய வாயை நிறுத்துவது லேசா?

கடைசியில் குரல் வந்தது.

"ஆண்டவரே, எல்லாம் உமக்குத் தெரியும். ஆமென்."

உட்கார்ந்துவிட்டாள்.

சபையார் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். காரியக்காரரும் காத்திருந்தார். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. வெளிச்சம் மங்கும்வரை உட்கார்ந்திருந்த காரியக்காரர், நேரத்தைக் கெடுத்தீர்களே என்று முணுமுணுத்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போனார்.

மறுநாள் உப்பு வண்டி எல்லையைத் தாண்டியது. தவசிமுத்துவும் அவன் மனைவியும் அதில் இருந்தார்கள். எல்லைக்கு அப்பால் பிறந்த பெண்குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று ஞானப்பூவுக்குத் தெரியும். கேட்டவர்களுக்கு அவள் சொல்லவில்லை.

ஆகவே, நாம் சொல்லித்தான் கடவுளுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை, நாம் சொல்லாமல் காப்பதில்தான் அடுத்தவர் உயிர் இருக்கிறது.