கீச்சி பதுக்கிய காற்று

உயிர்களுக்குப் பேச்சு இருந்து மூச்சு இல்லாத அந்தக் காலத்தில், எல்லோரும் வெயில் காய்ந்துதான் பிழைத்தார்கள். கிடைத்த சூட்டில் மெல்ல ஊர்வார்கள். வெயில் இறங்கினால் கல்லாய்க் கிடப்பார்கள். வல்லூறுக்கு மட்டும் கொண்டாட்டம். உயரத்திலிருந்து விழுவதற்குத் தெம்பு எதற்கு?

கீச்சி என்ற அணிலின் மூன்று குட்டிகளை அது தூக்கிப் போய்விட்டது. நாலாவது குட்டி பிறந்ததும் அவள் குன்றேறிக் காற்றிடம் போனாள்.

“ஓடத் தெம்பு வேணும், காத்தண்ணே. இந்த ஒண்ணாவது எனக்குத் தங்கணும்.”

“உன் உடம்புக்குள்ள வந்து அடுப்பு மூட்டுறேன். ஆனா வேலை முடிஞ்சதும் என்னைத் துளி மிச்சமில்லாம வெளியே விட்டுடணும்.”

கீச்சி தலையாட்டினாள். அடுத்த முறை வல்லூறு பாய்ந்தபோது, குட்டியைக் கவ்விக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போயிருந்தாள். காடே அவளிடம் வந்து மூச்சு விடக் கற்றுக்கொண்டது.

ஆனால் அணில் புத்தி எங்கே போகும்? நாளைக்குக் காற்று வராவிட்டால் என்ன செய்வது என்று, ஒவ்வொரு மூச்சிலும் ஒரு துளியை உள்ளே பதுக்கினாள். அவளிடம் கற்ற காடும் அப்படியே பதுக்கியது.

ஒருநாள் அவள் புருஷன் கொறிச்சான் கேட்டான்: “என்னடி, மீசையெல்லாம் வெளுத்துக் கிடக்கு?”

சிரித்துக்கொண்டே குட்டைத் தண்ணீரில் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு கிழவி இருந்தாள். கீச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டி வலிக்க வலிக்கக் குன்றுக்கு ஓடினாள்.

“பதுக்கினியா?” என்றது காற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் துளியெல்லாம் ஜோடி ஜோடியாத்தான் வந்து போகும். நீ பதுக்கின துளி ஜோடியை விட்டுப் பிரிஞ்சது. பக்கத்துல இருக்கிறதுகிட்டேருந்து ஒரு ஜோடியைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததுகிட்டேருந்து பிடுங்கும். உன் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள். அறை அறையாச் சுவர் அரிச்சுக்கிட்டு வருது.”

காப்பாற்ற வந்ததே தன்னைத் தின்கிறதா?

“போயிடுங்க. எல்லார் உடம்பை விட்டும் இப்பவே போயிடுங்க.”

“போறேன். பதுக்கிப் பழகின உடம்பு இனி நிறுத்தாது, நான் மொத்தமாத்தான் போகணும். ஆனா அடுப்பு அணைஞ்சிடும். உன் குட்டியோடதும்தான்.”

கீழே குட்டி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. மேலே வல்லூறு வட்டமடித்தது. கீச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பக்கத்து நெல்லி மரம் ஒரு காயை உதிர்த்தது. “இதைத் தின்னு தாயி. ஜோடியில்லாத துளிக்கு என்கிட்ட இருக்கிறதைக் கொடுத்து அடக்குறேன். எல்லாத்தையும் என்னால முடியாது. கிழடு தட்டுறதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.”

புளிப்பில் கீச்சியின் முகம் சுருங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை தெரிந்தே, அடுத்த மூச்சை இழுத்தாள்.

அந்தப் பழக்கத்தால்தான், இன்றும் எவ்வளவு ஊதினாலும் நெஞ்சில் கொஞ்சம் காற்று தங்கிவிடுகிறது. குட்டிகள் ஓடி விளையாட, பெற்றவளின் மீசை வெளுத்துக்கொண்டே போகிறது.