நூறு மைல் வண்டியும் வெல்வெட் வண்டியும்

எனக்கு மோட்டார் பற்றி ஒன்றும் தெரியாது. லாயத்தில் வேலை பார்த்தபோது குதிரை என்னை மூன்று முறை கீழே தள்ளியது. அதனால் மஞ்சநல்லூர் சமஸ்தானத்தில் என்னை மோட்டார் கொட்டகைக்கு மாற்றினார்கள். தகுதி அவ்வளவுதான்.

ஒருநாள் ராஜா உத்தமராயர் கூப்பிட்டார். கையில் கம்பெனிக்காரன் கொடுத்த படம் இரண்டு.

"வாரும், மாசிலாமணிப் பிள்ளை. ஒரே வண்டி, இரண்டு ரகம். இது மணிக்கு நூறு மைல் ஓடும். ஆசனம் மரப்பலகை மாதிரி. மற்றதில் வெல்வெட் மெத்தை, வெள்ளிப் பூச்சாடி, ஜன்னலுக்குப் பட்டுத்திரை. நாற்பதைத் தாண்டாது. எது வாங்கலாம்?"

"மகாராஜா விருப்பம்."

"என் விருப்பம் நூறு மைல். ராணி விருப்பம் வெல்வெட். அதனால்தான் உம்மைக் கேட்கிறேன்."

அரண்மனை அதிகாரி பேஷ்கார் நரசிங்க ராவ் பக்கத்தில் நின்றார். என் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிவிடத் துடிக்கிறவர். "பிள்ளைவாள் சொல்லும் பதில் இரண்டு பேருக்கும் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிடட்டும்," என்றார்.

"சரிதான்," என்றார் ராஜா. "நாளைக்குள் சொல்லும்."

யோசித்தேன். மறுநாள் ராஜா கோயிலுக்குப் புறப்பட்டார். பழைய மோட்டாரில் டிரைவர் பக்கத்தில் நான். எங்கள் ஊரில் ராஜா அரண்மனை வாசலைத் தாண்டினால் முன்னால் பட்டத்து யானை நடக்கவேண்டும். அவர் பாட்டனார் காலத்து வழக்கம்.

பாதி வழியில் வண்டி நின்றது.

"ஏனய்யா நிற்கிறது?"

"யானை கரும்பு தின்கிறது, மகாராஜா."

"ஹாரன் அடிக்கச் சொல்லும்."

"போன மாதம் அடித்தோம். திரும்பிப் பார்த்தது. விளக்கு இரண்டும் போயிற்று."

ராஜா முதுகைத் தடவிக்கொண்டார். பழைய வண்டியின் ஆசனம் அப்படி. அப்போதுதான் என் மண்டையில் ஏறிற்று.

"மகாராஜா, நூறு மைல் வண்டி வாங்கினாலும் முன்னால் யானைதானே போகும்?"

"ஆமாம்."

"வேகத்தை யானை பார்த்துக்கொள்கிறது. நாம் பார்க்கவேண்டியது மெத்தைதான்."

ராஜா சற்று நேரம் யானையின் வாலையே பார்த்தார். பிறகு வண்டி குலுங்கச் சிரித்தார். "வெல்வெட்டே வாங்கும். ராணிக்கும் சந்தோஷம், என் முதுகுக்கும் சந்தோஷம்."

ஊர் இதை என் சாமர்த்தியம் என்கிறது. கரும்பு தின்றது யானை. நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

வெல்வெட் வண்டி வந்தது. கூடவே நூறு மைல் வண்டியும் வந்தது. அது எனக்குப் பரிசாம். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினேன். பேஷ்கார் ஓடிவந்து காதருகே சொன்னார்: "பிள்ளைவாள், ராஜாவை யாரும் முந்தக்கூடாது. தெரியுமல்லவா?"

கோயிலுக்குப் புறப்பட்டோம். முன்னால் யானை. பின்னால் ராஜா. அவருக்குப் பின்னால் நான். ஊர்வலத்தின் கடைசியில் வந்த நாயனக்காரர் வாசித்துக்கொண்டே நடந்து என்னைத் தாண்டிப் போனார்.

ராஜா பட்டுத்திரையை விலக்கித் தலையை நீட்டினார். "என்ன பிள்ளை, எத்தனை மைலில் வருகிறீர்?"

"யானை இன்னும் சொல்லவில்லை, மகாராஜா."